சினிமாவைச் சிறு பெட்டிக்குள் அடைத்தவர்!

கடலூர் முதுநகரில் ஒரு தெரு. சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஊர் எதுவானால் என்ன? 1980-களில் எங்கும் ஒரே காட்சிதான்.

மாலை ஆறு மணிக்கே தெருவில் பரபரப்பு தொடங்கிவிடும். சிறுவர்கள் தெருமுனையில் போய் நிற்பார்கள். தூரத்தில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வரும். அதில் ஒரு கலர் டெலிவிஷன். அதன் பக்கத்தில், துணியால் மூடிய ஒரு பெட்டி. ரிக்ஷாவைக் கண்டதும் சிறுவர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

டெக் வந்துவிட்டது!

வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் வசூல் செய்து, ஓர் இரவு வாடகைக்கு எடுத்த டெக் அது. திண்ணையில் டெலிவிஷனை வைப்பார்கள். தெருவே பாயுடன் வந்து உட்கார்ந்துவிடும். விடிய விடிய மூன்று படம். பாட்டிகளுக்காக முதலில் ஒரு பக்திப் படம். பிறகு, இளைஞர்கள் கேட்ட சண்டைப் படம். மூன்றாவது படம் முடியும்போது பால்காரர் வந்து நிற்பார்.

அந்த டெக்கும் கேசட்டும் எங்கிருந்து வந்தன? யாருடைய மூளையில் உதித்தன?

அவர் பெயர் ஷிசுவோ தகானோ. ஜப்பான் நாட்டு என்ஜினீயர். மின்சாதனத் தொழிலில் இருப்பவர்கள் அவரை மிஸ்டர் வி.எச்.எஸ். என்று அழைத்தார்கள். கடலூர், சிதம்பரம் என்ற பெயர்களை அவர் கேள்விப்பட்டாரோ இல்லையோ, இந்த ஊர்களின் ஆயிரக்கணக்கான கல்யாணங்கள் அவர் வகுத்த அளவில் செய்த பெட்டிக்குள்தான் பத்திரமாக இருந்தன.

அவருடைய கதை, மூடப்படும் நிலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறது.

படித்த பள்ளி

தகானோ 1923-ம் ஆண்டு பிறந்தார். ஹமமாட்சு நகரில் இருந்த தொழில்நுட்பப் பள்ளியில் படித்தார்.

அந்தப் பள்ளிக்கு ஒரு பெருமை உண்டு. கென்ஜிரோ தகாயனகி என்ற ஆசிரியர், 1926-ம் ஆண்டு டிசம்பர் மாதம் அங்கேதான் ஒரு கண்ணாடிக் குழாயில் ஜப்பானிய எழுத்து ஒன்றை ஒளிரச் செய்து காட்டினார். ஜப்பானில் டெலிவிஷன் பிறந்த இடம் அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. நாடு சாம்பல் மேடாகக் கிடந்தது. 1946-ம் ஆண்டு தகானோ ஜப்பான் விக்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். ஜே.வி.சி. என்று உலகம் அறிந்த கம்பெனி அதுதான். தகாயனகியும் அதே ஆண்டு அங்கே வந்து சேர்ந்தார்.

தகானோ பல ஆண்டுகள் சத்தமில்லாமல் உழைத்தார். பத்திரிகையில் பெயர் வரவில்லை. பரிசும் பட்டமும் தேடி வரவில்லை. கொடுத்த வேலையைச் செய்தார்.

அலமாரி அளவு எந்திரம்

டெலிவிஷனில் தெரியும் படத்தைப் பதிவு செய்து வைக்க முடியுமா? வேண்டும்போது திரும்பப் பார்க்க முடியுமா?

1956-ம் ஆண்டு அமெரிக்காவில் ஆம்பெக்ஸ் என்ற கம்பெனி இதைச் செய்து காட்டியது. ஆனால், அந்த எந்திரம் துணி அலமாரி அளவு இருந்தது. அதன் நாடாவின் அகலம் இரண்டு அங்குலம். விலை சுமார் 50 ஆயிரம் டாலர்! டெலிவிஷன் நிலையங்கள் மட்டுமே அதை வாங்க முடிந்தது.

ஜப்பானியர் அதைச் சிறிதாக்கப் பாடுபட்டார்கள். 1959-ல் தகாயனகியின் குழுவினர் விக்டர் கம்பெனியில் இரண்டு ஹெட் கொண்ட பதிவுக் கருவியைச் செய்தார்கள். பிறகு சோனி, மட்சுஷிடா, விக்டர் ஆகிய மூன்று கம்பெனிகளும் சேர்ந்து யூமாட்டிக் என்ற கேசட் முறைக்கு ஒப்புக்கொண்டன. நல்ல கருவிதான். ஆனால், கனம் அதிகம். விலையும் அதிகம். அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனது. வீட்டுக்குள் நுழையவில்லை.

வேண்டாத பதவி

1970-ம் ஆண்டு தகானோவுக்கு ஒரு பதவி கிடைத்தது. யோகோஹாமா தொழிற்சாலையில் வீடியோ பிரிவின் தலைவர்.

பதவி உயர்வு என்று பெயர். ஆனால், அந்தப் பிரிவுக்குப் போக யாருக்கும் ஆசை இல்லை. விற்ற கருவிகள் பழுதாகித் திரும்பி வந்துகொண்டிருந்தன. நஷ்டத்துக்கு மேல் நஷ்டம். பிரிவில் இருந்தவர்களோ சுமார் 270 பேர்.

ஆட்களைக் குறைக்க வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் விருப்பம்.

தகானோ யோசித்தார். 270 பேர் என்றால் 270 குடும்பம். அவர் யாரையும் வெளியே அனுப்பவில்லை. இருக்கும் எல்லோரையும் வைத்துக்கொண்டே பிரிவைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தார். பொறியாளர்களையும் விற்பனைக்கு அனுப்பினார். வாங்கியவர்களுக்கு என்ன குறை, என்ன தேவை என்பதை அவர்கள் நேரில் கேட்டு வந்தார்கள்.

ஆனால், பழைய கருவியைப் பழுது பார்த்துக்கொண்டே காலம் தள்ள முடியாது. புதிதாக ஒன்று வேண்டும். பணக்காரர் வீட்டுக்கு மட்டும் அல்ல, எல்லா வீட்டுக்கும் போகும் ஒன்று.

பன்னிரண்டு நிபந்தனைகள்

யூமா ஷிராய்ஷி என்ற என்ஜினீயர் அவருக்கு வலது கையாக இருந்தார். 1971-ல் இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினார்கள். அதில் பன்னிரண்டு நிபந்தனைகள்.

எந்த டெலிவிஷனிலும் இணைக்க வேண்டும். படம் தெளிவாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு மணி நேரம் பதிவாக வேண்டும். ஒரு கருவியில் பதிந்த கேசட் இன்னொரு கருவியிலும் ஓட வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும். யாரும் எளிதில் இயக்க வேண்டும். பழுது பார்ப்பதும் சுலபமாக இருக்க வேண்டும். இப்படிப் போனது அந்தப் பட்டியல்.

இதில் கருவியைப் பற்றிய பேச்சு குறைவு. அதை வாங்கப் போகும் குடும்பத்தைப் பற்றிய பேச்சே அதிகம். தகானோவின் வெற்றிக்கு அதுவே அஸ்திவாரம்.

ரகசிய வேலை

1972-ல் தொழில் மந்தம் வந்தது. கம்பெனி செலவைச் சுருக்கியது. வீட்டு வீடியோ திட்டம் கைவிடப்பட்டது.

தகானோவும் ஷிராய்ஷியும் கைவிடவில்லை. சில என்ஜினீயர்கள் மட்டும் ரகசியமாக வேலையைத் தொடர்ந்தார்கள். தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். தகானோவின் வேலைதான் முதலில் போகும். அது அவருக்கும் தெரியும்.

1973-ல் மாதிரிக் கருவி ஒன்று ஓடத் தொடங்கியது.

சோனியின் அழைப்பு

1974-ல் பேரிடி போல ஒரு செய்தி வந்தது. சோனி கம்பெனி முந்திக்கொண்டது!

சோனியின் கருவிக்குப் பெயர் பீட்டாமேக்ஸ். சிறிய கேசட், அருமையான படம். அதையே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மட்சுஷிடாவையும் விக்டரையும் சோனி கேட்டது. நாட்டுக்கு ஒரே முறை போதும் என்று ஜப்பான் அரசின் தொழில்துறையும் நினைத்தது.

சோனி பெரிய கம்பெனி. விக்டர் அதற்கு முன்னால் சிறியது. ஒப்புக்கொண்டால் சண்டை இல்லை. ஆனால், இத்தனை வருட உழைப்பு வீண். எதிர்த்து நின்றால் தோல்வி வரலாம்; தோற்றால் 270 பேரும் நடுத்தெருவில்.

பீட்டாமேக்ஸில் ஒரு குறை இருந்தது. முதல் கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதிவாகும். ஒரு முழுப் படத்துக்கு அது போதாது. தகானோ அந்த இரண்டு மணி நேரத்தை நம்பினார். எதிர்த்து நின்றார்.

1975 மே மாதம் பீட்டாமேக்ஸ் கடைக்கு வந்துவிட்டது. விக்டர் கருவி இன்னும் தொழிற்சாலைக்குள்ளேயே இருந்தது.

முதியவர் வந்தார்

விக்டர் கம்பெனியின் பெரும்பங்கு மட்சுஷிடா கம்பெனிக்குச் சொந்தம். நேஷனல், பானசோனிக் என்ற பெயர்களில் வானொலியும் டெலிவிஷனும் விற்ற கம்பெனி அது. அதன் நிறுவனர் கொனோசுகே மட்சுஷிடா. சிறு வயதில் வறுமையால் கடைப் பையனாக வேலை பார்த்து, பெரும் தொழிலதிபரானவர்.

1975-ல் அவர் யோகோஹாமாவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 80. மாதிரிக் கருவியைக் கூர்ந்து பார்த்தார். சோனியின் கருவியைவிட இது கனம் குறைவு. கடையில் வாங்கி வீட்டுக்கே எடுத்துப் போகலாம். முதியவருக்குப் பிடித்துவிட்டது. மட்சுஷிடா கம்பெனி வி.எச்.எஸ். பக்கம் சாய்ந்தது.

1976-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி புதிய கருவி டோக்கியோவில் அறிமுகமானது. அக்டோபர் 31-ந் தேதி விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 13½ கிலோ. விலை 2,56,000 யென். பதிவு நேரம் இரண்டு மணி.

எதிரிக்கும் கொடுத்தார்

தகானோ செய்த இன்னொரு காரியம் பலருக்கும் வியப்பாக இருந்தது.

கோடிக்கணக்கில் லாபம் தரக்கூடிய கருவியைக் கையில் வைத்திருப்பவர் என்ன செய்வார்? பெட்டியில் வைத்துப் பூட்டுவார். தகானோ பூட்டவில்லை. மாதிரிக் கருவியை ஹிட்டாச்சி, ஷார்ப், மிட்சுபிஷி போன்ற போட்டிக் கம்பெனிகளுக்கே கொடுத்தார். பிரித்துப் பாருங்கள், சேர்ந்து வளர்க்கலாம் என்பதே அவர் கொள்கை.

பலன் என்ன? ஒவ்வொரு கம்பெனியும் ஒரு புதுமையைச் சேர்த்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகள் வி.எச்.எஸ். கருவிகளை விற்க முன்வந்தன. எங்கே வாங்கினாலும், எந்தப் பெயரில் வாங்கினாலும் கேசட் ஒன்றுதான்.

சோனி பல ஆண்டுகள் போராடியது. கடைசியில், 1988-ல் சோனியே வி.எச்.எஸ். கருவி செய்யத் தொடங்கியது. யாரையும் வேலையை விட்டு அனுப்பாத மனிதர் உலகத்தையே வென்றுவிட்டார்!

தென்னாற்காட்டுக்கு வந்த டெக்

இந்தியாவில் 1982-ம் ஆண்டு கலர் டெலிவிஷன் வந்தது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த ஆண்டு அது. வீடியோவும் அதை ஒட்டியே பரவியது. கடலூர் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தின் தலைநகர். அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் டெக்கை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பிறகு கடைகள் முளைத்தன. கேசட் வாடகைக்கு, டெக் வாடகைக்கு என்று பலகைகள் தொங்கின.

தொல்லையும் வந்தது. திருட்டுக் கேசட்டால் சினிமாக் கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. வீடியோவில் படம் காட்டிக் காசு வாங்குவதைக் கட்டுப்படுத்த, 1984-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமே போட்டார்கள்.

நல்லதும் நடந்தது. சினிமாவில் நடிகர்களை மட்டுமே பார்த்த ஜனங்கள், முதன்முதலாகத் தங்களையே திரையில் பார்த்தார்கள். பெண் அழைப்பு, தாலி கட்டு, பந்தி, மொய் எல்லாம் கேசட்டில் ஏறின. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடந்து வருகிறது. வீடியோ வந்த பிறகு, மேடையில் ஆடிய பெண்ணின் ஆட்டத்தைப் பெற்றோர் வீட்டில் மறுபடியும் போட்டுப் பார்க்க முடிந்தது.

புதிய சொற்கள்

கருவியோடு சொற்களும் வந்தன. பள்ளிக்கூடம் போகாதவர்களும் அவற்றைச் சரளமாகப் பேசினார்கள்.

வீடியோ என்பது லத்தீன் சொல். பார்க்கிறேன் என்று பொருள். கேசட் என்பது பிரெஞ்சுச் சொல். சிறு பெட்டி என்று பொருள். வி.எச்.எஸ். என்ற மூன்று எழுத்துக்கு, வீட்டு வீடியோ முறை என்று பொருள்.

பதிவும் செய்யும் கருவி வி.சி.ஆர். படம் மட்டும் காட்டும் கருவி வி.சி.பி. இரண்டுக்கும் சேர்த்து ஜனங்கள் வைத்த ஒரே பெயர் டெக்.

நாடாவைத் திரும்பச் சுற்றினால் ரீவைண்ட். சுற்றாமல் கொடுத்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார். பாட்டு வேண்டாம் என்றால் பார்வர்டு. படத்தில் கோடு விழுந்தால் டிராக்கிங். படமே மங்கினால், ஹெட்டைத் துடைக்க வேண்டும்.

ஹெட் என்றால் என்ன? டெக்கின் உள்ளே, சாய்வாக ஓர் உருளை இருக்கும். அதன் ஓரத்தில் எதிரெதிரே இரண்டு சின்னஞ்சிறு காந்த முனைகள். அவையே ஹெட். இந்தியாவில் விற்ற கருவிகளில் அந்த உருளை நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றது. அரை அங்குல அகல நாடா அதை ஒட்டி மெதுவாக நகரும். நாடாவில் இரும்புத் துருப்பொடி பூசியிருக்கும். வயலில் சாய்ந்த வரிசையில் நாற்று நட்டதுபோல, படம் அந்தப் பொடியில் சாய்ந்த கோடுகளாகப் பதியும்.

இ-180 என்று எழுதிய கேசட்டில் மூன்று மணி நேரம் ஓடும். ஒரு முழுத் தமிழ்ப் படம் அதில் அடங்கும். அதன் உள்ளே இருந்த நாடாவின் நீளம் கால் கிலோ மீட்டருக்கும் மேல்!

கேசட்டின் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக் நாக்கு உண்டு. அதை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறு படம் பதிவாகாது. கல்யாணக் கேசட் வீட்டுக்கு வந்ததும், முதல் வேலையாக அந்த நாக்கை ஒடித்தார்கள். ஒடிக்க மறந்த வீட்டில், மகன் தாலி கட்டிய காட்சியின் மேல் கிரிக்கெட் பதிவாகிவிடும். அன்று வீட்டில் அடுப்பு எரியாது!

தொழிற்சாலையிடம் விடை

தகானோ விக்டர் கம்பெனியின் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். 1992-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 68.

அவருடைய இறுதி ஊர்வல வண்டி யோகோஹாமா தொழிற்சாலைக்கு வந்தது. தொழிலாளர்கள் வரிசையாக நின்று வழியனுப்பினார்கள். வேலை போகாமல் காத்தவருக்கு அவர்கள் செலுத்திய மரியாதை அது.

அவர் போன பிறகு காலம் மாறியது. கேபிள் டெலிவிஷன் வந்தது. வட்டத் தகடுகள் வந்தன. கைபேசி வந்தது. சோனி 2016 மார்ச் மாதத்தோடு பீட்டாமேக்ஸ் கேசட் விற்பதை நிறுத்தியது. அதே ஆண்டு ஜூலை மாதம், பூனாய் என்ற ஜப்பான் கம்பெனியும் வி.எச்.எஸ். கருவி செய்வதை நிறுத்தியது. உலகில் கடைசியாக அதைச் செய்துவந்த கம்பெனி அதுதான்.

அலமாரியில் உறங்கும் கல்யாணம்

கருவி போய்விட்டது. கேசட் போகவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனையோ வீடுகளில், பழைய பட்டுப் புடவைக்கு அடியில் அது இருக்கிறது. அதில் தாத்தா சிரிக்கிறார். இன்று இல்லாத அத்தை, மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கிறாள். ஆனால், போட்டுப் பார்க்க டெக் இல்லை.

கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். ஈரம் பட்டால் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தது. 2011-ல் தானே புயல் அடித்தது. 2015-ல் பெருவெள்ளம் சூழ்ந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டுச் சாமான்களோடு கேசட்டுகளும் நனைந்தன. அரிசி போனால் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கேசட்டை எங்கே வாங்குவது?

நாக்கை ஒடித்துவிட்டால் படம் அழியாது என்று நம்பினார்கள். கைதவறி அழிவதைத்தான் அது தடுக்கும். காலம் அழிப்பதைத் தடுக்காது.

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும் தொழிலாளர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஓடக்கூடிய டெக்கைப் பொன்போலக் காத்து, ஹெட்டைத் துடைத்து, நாடாவைப் பொறுமையாக ஓட்டுகிறார்கள். பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே டெக்கில் போடக்கூடாது. போட்டால் நாடாவும் கெடும், ஹெட்டும் கெடும். சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும். ஆண்டு ஆக ஆக, ஓடும் டெக்குகளும் குறைகின்றன. அதை அறிந்த கைகளும் குறைகின்றன.

வேண்டாத பிரிவு என்று ஒதுக்கப்பட்ட இடத்தில், வேண்டாத ஆட்கள் என்று கணக்கெழுதப்பட்டவர்களை வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் அந்தச் சிறு பெட்டியைச் செய்தார். அதற்குள் இருக்கும் முகங்களைக் காப்பாற்றுவது இனி அந்தந்த வீட்டார் கையில் இருக்கிறது.